ஆறட்டும்

ராத்திரி எட்டரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு கட்டிங் மாஸ்டர் ரோலைப் பிரித்தார். லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்ஸி, கருநீலம். சாயங்காலம்தான் காம்பாக்டிங்கிலிருந்து வந்து இறங்கியது. ஹெல்ப்பர் பையன் ஒரு முனையைப் பிடிக்க, இவர் மறுமுனையைப் பிடிக்க, இழுக்காமல் தளரத் தளர மேசை நெடுக மடித்துப் போட்டார்கள். ஒரு துண்டை மட்டும் மேசையின் நீளத்துக்கு விரித்து, துணி முடிகிற இடத்தில் பலகையின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டின் பக்கத்தில் மணி: 8.40.

“ஆறட்டும்” என்றார். கையைத் தட்டிவிட்டு டீக்குப் போனார்.

பின்னல் துணி வளையத்துக்குள் வளையமாக ஓடுவது. நிட்டிங்கில் இழுபட்டு, சாயத்தில் இழுபட்டு, கடைசியாக உருளையில் இறுக்கிச் சுற்றப்பட்டு நம்மிடம் வரும்போது அது தன் நீளத்தில் இருக்காது. பிரித்துப் போட்டால் தன் அளவுக்குத் திரும்பிவிடும், ஆனால் தன் வேகத்தில்தான் திரும்பும். லைக்ரா என்றால் ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டும். அவசரப்பட்டு அப்போதே லே போட்டு வெட்டினாலும் டேப்பில் அளவு சரியாகவே நிற்கும். தைத்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைத்து, கப்பலேறி, எங்கோ ஒரு வீட்டில் முதல் தண்ணீர் பட்ட பிறகுதான் தோள் ஏறிக்கொள்ளும், நீளம் குறையும். வெட்டும்போது துணி ஒன்றும் சொல்லாது. வெள்ளிக்கிழமை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி கிளம்பியாக வேண்டும். இருந்தும் மாஸ்டர் டீக்குப் போனார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

ரோல் நம்பரும் எடையும் எழுதி வைப்பது என் வேலை. மூலையில் ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு. அங்கே உட்கார்ந்தபடி பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பி.என். ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது இந்த ஜாப் ஒர்க் யூனிட். கட்டிங் மேசை ஒன்று, பவர் டேபிள் இரண்டு வரிசை, செக்கிங் மேசை ஒன்று. செக்கிங் மேசையோரம் குட்டை நாற்காலி போட்டு நூல் பிசிறு வெட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். தூத்துக்குடி திரேஸ்புரம். தெற்கேயிருந்து வருகிற எவரையும் திருப்பூர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவரும் இங்கே அண்ணாச்சிதான். மகள் இதே யூனிட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறாள். அவருக்கு நிற்கிற வேலை ஆகாது. இடது இடுப்பு ஒத்துழைக்காது. எழும்போது மேசை விளிம்பைப் பிடித்து, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு எழுவார்.

இருபது வருடத்துக்கு மேல் சங்கு குளித்தவர்.

இன்று ராத்திரி அவர் வீட்டுக்குப் போகவில்லை. காரணம், ஒன்பது மணிக்குச் சாக்பீஸோடு உள்ளே வந்த பையன். பையன் என்று சொன்னாலும் முப்பது வயதிருக்கும். இந்த ஆர்டரைக் கொடுத்திருக்கும் கம்பெனியின் மெர்ச்சன்டைசர். அவினாசிக்காரர். கடலே இல்லாத ஊரில் பிறந்து, லீவு கிடைக்கும் போதெல்லாம் கடலுக்குப் போய் ஸ்கூபா கற்றவர். அதிலும் ஒரு படி மேலே போய், கீழே இறங்கினால் நேராக மேலே வரவே கூடாத ஆழங்களுக்கான பயிற்சியை முடித்திருக்கிறார். டெக்னிக்கல் டைவிங் என்கிறார்கள். வருகிற மாதம் மட்டக்களப்பு. கரையிலிருந்து சில கடல்மைல் தள்ளி, ஐம்பது மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த முழுக்குக்கு இன்று இங்கே தரையில் ஒத்திகை.

“அண்ணாச்சி, ஒரு மணி நேரம் உக்காருவீங்களா? மேல இருக்கற ஆள் நீங்கதானுங்க.”

“உக்காருதேன் தம்பி. நமக்கு வேற என்ன சோலி?”

தரையில் குனிந்து கோடு போட ஆரம்பித்தார். ஷட்டர் பக்கத்துச் சுவரோரம் 50. அங்கிருந்து பின்வாசலை நோக்கி மேசைக்கு இணையாக 21, 18, 15, 12, 9. அண்ணாச்சியின் நாற்காலிக்கு முன்னால் 6. பின்வாசல் படி கடல்மட்டம். படிக்கு வெளியே சந்து, தெருவிளக்கு, காற்று.

நோட்டை மூடி வைத்தேன். முழுதும் பார்த்துவிடுவது என்று இருந்தது.

இடது முன்கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டார். ஸ்லேட். தண்ணீருக்குள்ளும் பென்சிலால் எழுதலாமாம். கட்டும் முன் அண்ணாச்சியிடம் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். குட்டிக் குட்டி எழுத்தில் இரண்டு பத்தி. 50-ல் 20 நிமிடம், இறங்குகிற நேரமும் அதற்குள் சேர்த்தி. பிறகு 21-ல் 2 நிமிடம். 18-ல் 1. 15-ல் 2. 12-ல் 3. 9-ல் 5. 6-ல் 14. கடைசி ஆறு மீட்டரை ஏற மட்டும் நிமிடத்துக்கு ஒரு மீட்டர், ஆக 6 நிமிடம். இடையில் ஏறும் நேரத்தையும் கூட்டினால் மொத்தம் 58.

“கீழ கெடக்கது இருவது. மேல வர முப்பத்தெட்டா?”

“ஆமாங்ணாச்சி. இருவதுக்குத்தான் அந்த முப்பத்தெட்டு. இருவத்தஞ்சு இருந்தா இன்னும் ஏறிக்கும்.”

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். மீட்டர் அவருக்கு வராது. கையை விரித்து நீட்டுகிற பாகக் கணக்குதான். ஒரு பாகம் ஆறடி. ஐம்பது மீட்டர் என்றால் இருபத்தேழு, இருபத்தெட்டு பாகம். அவர் தொழில் செய்தது எட்டிலிருந்து பன்னிரண்டு பாகம். “இருவத்தெட்டா…” என்று இழுத்தார். பிறகு கீழே கிடந்த ரிப் வேஸ்ட் துணி நாடா ஒன்றை எடுத்து, துண்டுகளை முடிந்து நீளமாக்கி, ஒரு முனையைப் பையனின் இடுப்பில் கட்டினார். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்.

“கயிறில்லாம ஆள எறக்கப்படாது.”

அந்தக் கடலில் ஆளைக் கட்டும் கயிறு கிடையாது. கப்பலில் கட்டிய மிதவைக் கயிறோடு சேர்ந்து இறங்குவார்கள். பையன் மறுக்கவில்லை. நாடா இடுப்பிலேயே இருந்தது.

9.05. பையன் 50-க்குப் போய் நின்றார். அந்த நொடியிலிருந்து பேச்சில்லை. தண்ணீருக்குள் பேச முடியாதே. ஒத்திகையிலும் பேசக்கூடாது என்பது அவர் விதி. கையால் மட்டும் சொல்லலாம். கட்டைவிரலை உயர்த்தினால் நன்றாயிருக்கிறது என்று பொருளில்லை, மேலே போகலாம் என்று பொருள். நன்றாயிருக்கிறது என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். வட்டம் காட்டினார். அண்ணாச்சியும் பதிலுக்கு வட்டம் காட்டினார்.

இருபது நிமிடம் அந்தக் கோட்டின் மேல் அவர் நின்றதும், இரண்டடி இப்படியும் அப்படியும் நடந்ததும், மணிக்கட்டைப் பார்த்ததும், ஸ்லேட்டில் அழுத்த அளவைக் குறித்ததும் எல்லாம் நிஜமாக நடப்பது போல நடந்தன. ஐம்பது மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஆறு மடங்கு. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் ஐந்து, மேலே ஏற்கெனவே இருப்பது ஒன்று. ஆகவே ஒவ்வொரு மூச்சும் ஆறு மூச்சு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று போதும் என்றால் அங்கே 120. இருபது நிமிடத்துக்கு 2,400. முதுகில் 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 4,800. பாதிக்குள் அடிவேலை முடிந்துவிட வேண்டும். மீதிப் பாதி, தனக்கும் கூட வருபவருக்கும் ஏதாவது ஆனால் இருவரையும் மேலே கொண்டுவர. கூட வருபவர் கோயம்புத்தூர்க்காரர். அவரும் இதே கணக்கைத் தனியாகப் போட்டு, இருவரும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்லேட்டில் ஏறியது.

முதுகுச் சிலிண்டரில் வெறும் காற்று இல்லை. நைட்ரஜனில் ஒரு பங்கைக் குறைத்து ஹீலியம் சேர்த்திருப்பார்கள். அத்தனை ஆழத்தில் நைட்ரஜன் மது போலத் தலையைக் கிறக்கும். கணக்குப் போட வேண்டிய இடத்தில் தலை கிறங்கினால் வேறு எதிரி வேண்டாம்.

உடம்புக்குள் நடப்பதை அவர் போன மாதம் டீக்கடையில் அண்ணாச்சிக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருப்பூர்ப் பக்கத்துக்காரருக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். “ஒரு தொட்டியில பதினாறு தினுசுத் துணியைப் போடறோம்னு வெச்சுக்குங்க. சிங்கிள் ஜெர்ஸி சட்டுனு நனையும், எடுத்துக் கொடியில போட்டா சட்டுனு காயும். ஃப்ளீஸ் மெதுவா நனையும், காயறதுக்கும் ரெண்டு நாளாகும். நம்ம ஒடம்புக்குள்ள ரத்தம் ஜெர்ஸி, கொழுப்பு ஃப்ளீஸ். ஊறறது தண்ணிக்குப் பதிலா நைட்ரஜன், அவ்வளவுதானுங்க.”

அந்தப் பதினாறும் அவர் கற்பனை இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் வகுத்த கணக்கு. உடம்பைப் பதினாறு பாகமாக எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றும் பாதி நனைய எவ்வளவு நேரம் என்று நிர்ணயித்தார். வேகமானதற்கு 4 நிமிடம், மந்தமானதற்கு 635 நிமிடம், பத்தரை மணி நேரத்துக்கும் மேல். பையன் மணிக்கட்டில் இருக்கும் கருவி சில நொடிக்கு ஒருமுறை அந்தப் பதினாறு துணியையும் தொட்டுப் பார்த்து, எது எவ்வளவு ஈரம் என்று சொல்கிறது. இந்த யோசனைக்கு மூலவர் ஸ்காட்லாந்துக்காரரான ஹால்டேன். 1908-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுக்கு ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆடு தாங்குகிறது, அதற்கு மேல் ஒரேயடியாகக் குறைத்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூட்டில் வலி. அதிலிருந்துதான் படிப்படியாக நின்று நின்று ஏறும் முறை வந்தது.

இதைச் சொன்ன அன்று அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஆட்டுக்கும் காலுதானா?”

9.25. கட்டைவிரல் உயர்ந்தது. மூன்று நிமிடத்தில் 50-லிருந்து 21. பத்தடிகூட இல்லாத தூரத்தை மூன்று நிமிடம் நடப்பது எத்தனை கடினம் என்று பார்த்தால்தான் தெரிகிறது. குதிகால் தரையை விட்டு எழும்பி, நின்று, யோசித்து இறங்குகிறது.

21-ல் சிலிண்டர் மாற்றம். இடப்பக்கம் தொங்குவதாக வைத்துக்கொண்ட சிலிண்டரில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன். நைட்ரஜன் குறைந்த காற்றைச் சுவாசித்தால் உள்ளே ஊறியது விரைந்து வெளியேறும். ஆனால் அதை இருபத்தோரு மீட்டருக்குக் கீழே வாயில் வைக்கக்கூடாது. அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும், வலிப்பு வரும், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் முடிந்தது. சுத்த ஆக்சிஜன் சிலிண்டருக்கோ எல்லை ஆறு மீட்டர்தான். அதனால்தான் சிலிண்டரின் மேல் பெயரைவிடப் பெரிதாக எண்ணை எழுதி ஒட்டுகிறார்கள்: 21 என்று ஒன்றில், 6 என்று மற்றதில். பையன் ஆழத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், குழாயை வால்விலிருந்து வாய் வரை விரலால் தடவிவந்தார், பிறகுதான் வைத்தார். இத்தனைக்கும் அங்கே சிலிண்டர் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நூல் கோன்தான் இருந்தது. அந்தக் கோனின் மேலும் 21 என்று எழுதி ஒட்டியிருந்தார்.

அண்ணாச்சி நாடாவை லேசாகச் சுண்டினார். பையன் திரும்பினார்.

“அது வேல செய்யலன்னு வையி. அப்ப?”

பையன் ஸ்லேட்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வேறொரு பத்தி. அந்தச் சிலிண்டர் கெட்டால் எங்கே எவ்வளவு நேரம், ஆக்சிஜன் கெட்டால் எங்கே எவ்வளவு, இரண்டும் கெட்டால் கூட வருபவரோடு எப்படி மாற்றி மாற்றிச் சுவாசிப்பது. ஒவ்வொன்றும் நேரத்தைக் கூட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காற்று இருக்கிறது என்பதைக் கரையிலேயே பார்த்தாகிவிட்டது. அண்ணாச்சிக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மேலும் கீழும் தலையை ஆட்டினார். நாடாவைத் தளர விட்டார்.

18, 15. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இன்னும் ஆழத்திலேயே நிற்க ஆரம்பிப்பார்கள், ஊறிய நைட்ரஜன் ஏறும்போது குமிழியாவதை அதுதான் முளையிலேயே கிள்ளும் என்ற நம்பிக்கையில். அமெரிக்கக் கடற்படை அதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. 170 அடி ஆழம், அடியில் 30 நிமிடம், ஏற 174 நிமிடம், இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு. ஆழத்தில் அதிகம் நின்ற 198 முழுக்கில் சுமார் பத்துப் பேருக்கு நோய் கண்டது. மேலே அதிகம் நின்ற 192 முழுக்கில் 3 பேருக்கு. ஆழத்தில் நிற்கும்போது ஜெர்ஸி காயலாம், ஃப்ளீஸ் இன்னும் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பையன் தன் கருவியின் அமைப்பை மாற்றினார். நிற்கிற நேரத்தின் பெரும்பகுதி மேலே வந்துவிட்டது. ஏழெட்டு வருடம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கத்தை ஒரு ஆய்வைப் பார்த்து மாற்றிக்கொள்வது லேசான காரியமில்லை.

12. மூன்று நிமிடம். பிறகு 9. ஐந்து நிமிடம். அங்கேதான் அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். பதில் சொல்ல முடியாத ஒருவர் முன்னால் நிற்கும்போதுதான் சிலருக்குப் பேச்சு வருகிறது.

“எங்கப்பா கல்லக் கட்டி எறங்குனவரு. முத்துக்குளிக்கும் போயிருக்காரு, கடசி குளிப்புக்கு. ஒரே மூச்சு. நெஞ்சு முட்டுனா மேல வந்துருவாரு. அவருக்கு ஒண்ணும் ஆவல. சாவுற வரைக்கும் நெட்டக் குத்தலா நடந்தாரு.”

1961-இல் தூத்துக்குடியில் நடந்ததுதான் நம் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. ஒரு மூச்சோடு இறங்குபவர் கொண்டுபோவது ஒரு நெஞ்சு நிறையக் காற்று மட்டும்; அந்த நேரத்தில் உடம்பில் அவ்வளவு ஊறாது.

“நாங்க ஓஸ்ஸக் கடிச்சிக்கிட்டு எறங்குனோம். வல்லத்துல கம்ப்ரசர் ஓடும், டயருக்குக் காத்தடிக்கது கணக்கா. காத்து வந்துகிட்டே இருக்கும்லா, ஏறணும்னே தோணாது. பத்துப் பாகத்துல ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். ஏறி ஒரு டீ, மறுபடி எறக்கம். எத்தன நேரம்னு யாரு கண்டா? சங்கு இருக்க வரைக்கும் நேரம்.”

பையன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு பன்னெண்டு பாகம். மூணாவது எறக்கம். பெல்ட்டு அந்து போச்சு மேல. ஓஸ்ஸுல காத்து இல்ல. உறிஞ்சுதேன், வரல. அடிச்சிக்கிட்டு ஏறிட்டேன். மேல வந்து நல்லாத்தாம் இருந்தேன். பீடி கூட குடிச்சேன். கால் மணி நேரம் கழிச்சு காலு ரெண்டும் எம் மேல இல்ல. மூத்திரம் எறங்கல. கூட இருந்தவனுவ மறுபடி ஓஸ்ஸ வாயில குடுத்து தண்ணில எறக்குனானுவ. கீழ போனா காலு வருது. மேல வந்தா போவுது. கீழ போனா வருது.”

நிறுத்தினார். பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு கழுத்துப் பட்டியில் இல்லாத நூலைத் தேடினார்.

கீழே போனால் கால் வந்ததற்குக் காரணம் தெளிவு. அழுத்தம் ஏறினால் தண்டுவடத்தில் இருந்த குமிழி சுருங்கும். மேலே வந்தால் விரியும். ஆஸ்பத்திரிகளில் உள்ள அழுத்த அறை செய்வதும் அதைத்தான், ஆனால் ஆக்சிஜனோடு, உலர்ந்த அறைக்குள், பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வைத்து. கடலுக்குள்ளேயே மறுபடி இறக்குவது, கூடுதல் நைட்ரஜனையும் ஏற்றிவிடும் ஆபத்தான வைத்தியம். வேறு எதுவும் எட்டாத இடத்தில் வல்லத்துக்காரர்கள் அறிந்தது அதுதான். கால் பிறகு திரும்பியது. இடுப்பு எலும்பின் பந்துக்கு இரத்தம் போகாமல் அது மெல்ல மெல்லச் செத்தது தனிக் கதை. வருடங்கள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அழுத்தத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு இது வருவதுண்டு. புரூக்ளின் பாலத்தின் அடித்தளத் தொட்டிகளில் உழைத்தவர்களை 1870-களில் இந்தக் குமிழி நோய்தான் மடக்கிப் போட்டது. அந்தப் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-இல் அதில் விழுந்து, பிறகு படுக்கையறை ஜன்னல் வழியாகவே வேலையை மேற்பார்த்தார்.

அண்ணாச்சி எடுத்த சங்கு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பெரும்பகுதி வங்காளத்துக்கு. அங்கே அதை அறுத்து, கல்யாணமான பெண்கள் போடும் வெள்ளை வளையலாக்குவார்கள். எங்கள் செக்கிங் மேசையில் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். இரண்டு கையிலும் சங்கு வளையல். அவள் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் அண்ணாச்சி அந்த வளையலை விரலால் தொட்டு, “நம்ம சங்கு” என்றார். அவளுக்குத் தமிழ் புரியவில்லை. அவர் நல்லதாக ஏதோ சொன்னார் என்று மட்டும் புரிந்துகொண்டு சிரித்தாள்.

9.43. பையன் 6-க்கு வந்தார். அண்ணாச்சியின் முழங்காலுக்கு எதிரே, இரண்டடி தூரத்தில். சிலிண்டர் மாற்றம்: 6 என்று ஒட்டிய கோன். இனி சுத்த ஆக்சிஜன். பதினான்கு நிமிடம்.

நீண்ட நேரம் இதுதான். உண்மையிலும் இங்கேதான் கஷ்டம் என்பார். மேலே வெளிச்சம் தெரியும். படகின் அடிப்பாகம் தெரியும். குளிரும். சிறுநீர் முட்டும். உடம்பு நன்றாகவே இருக்கும்; ஏறிவிட்டால் என்ன என்று தோன்றும். தலைக்கு மேல் பாறை ஒன்றும் இல்லை. கணக்கு மட்டும்தான் கூரையாக இருக்கிறது. நீரோட்டம் இழுத்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி பறந்தபடி அந்தப் பதினான்கையும் முடிக்க வேண்டும்.

பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மின்விசிறி சுற்றியது. பக்கத்து யூனிட்டில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து சைக்கிள்களும் பேச்சும் சந்தில் கடந்து போயின. மாஸ்டர் டீ முடித்து வந்து, ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தவர், நிலைமையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணாச்சி தன் கையிலிருந்த போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடத்தில் கேட்டார்:

“இது முடிஞ்சு அன்னைக்கே பிளேன் ஏறிருவியா?”

பையன் தலையை ஆட்டி மறுத்தார். இரண்டு கையையும் விரித்து விரித்து மூடி இருபத்து நான்கு காட்டினார். ஒரு நாள் முழுதும் கொழும்பில் இருந்துவிட்டுத்தான். மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். ஃப்ளீஸில் மிச்சமிருக்கும் ஈரம் அப்போது குமிழியாகும். கடலில் இருந்து ஏறிய கையோடு கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ வண்டி ஓட்டினாலும் அதே கதைதான். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்கள் அவை.

14 நிமிடம் ஆனது. பையன் கட்டைவிரலை உயர்த்தினார்.

அண்ணாச்சி உயர்த்தவில்லை. போனைப் பார்த்தார். நாடாவைக் கீழ்ப்பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்தார்.

“காத்து இருக்குல்லா?”

பையன் இல்லாத அளவுமானியைப் பார்த்தார். வட்டம் காட்டினார்.

“இருந்தா, இன்னும் ரெண்டு நிமிசம் கெட தம்பி.”

கட்டைவிரல் இறங்கியது. பையன் ஸ்லேட்டை எடுத்து 14-க்குப் பக்கத்தில் பென்சிலால் +2 என்று எழுதினார். மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். மாஸ்டரும் நின்றார், நானும் மூச்சை அடக்கியது போல உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நிமிடமும் அண்ணாச்சியின் உதடு அசைந்தபடி இருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே கட்டைவிரலை உயர்த்தினார்.

6-லிருந்து படிவரை மூன்று தப்படிகூட இருக்காது. ஆறு நிமிடம். பையன் பாதம் பாதமாக நகர்ந்தார். அண்ணாச்சி மேசை விளிம்பைப் பிடித்து, ஒரு மூச்சு நிறுத்தி, எழுந்து, நாடாவைக் கையில் வாங்கியபடியே கூட நடந்தார். இருவரும் ஒரே வேகத்தில் போனார்கள். ஒருவருக்கு இடுப்பு, இன்னொருவருக்குக் கணக்கு. படியைத் தாண்டி சந்தின் வெளிச்சத்தில் நின்றதும் பையன் வாயிலிருந்து எதையோ எடுப்பது போல எடுத்து, ஆழமாக ஒரு மூச்சு விட்டு, “ஓகேங்ணாச்சி” என்றார். ஒரு மணி நேரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

“உக்காரு. ஒடனே ஒண்ணும் தூக்காத. தண்ணி குடி.”

படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அண்ணாச்சி அவர் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். நாடாவை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வட்டம் வட்டமாகச் சுருட்டி, கடைசிச் சுற்றை நடுவில் இறுக்கி, தன் நாற்காலியின் முதுகில் மாட்டினார். வேஸ்ட் மூட்டையில் போடவில்லை.

மாஸ்டர் மேசைக்குப் போய்க் குனிந்தார். சாக்பீஸ் கோட்டிலிருந்து துணியின் விளிம்பு இரண்டு விரல் உள்ளே வந்திருந்தது. கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு மணியை எழுதினார்: 10.15. துணியைத் தொடவில்லை. மேசைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார்.